ஏழைத் தாயரின் காவலர் அய்யன்காளி

ஒரு குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் பிறக்கின்றன, பிறந்தவற்றுள் எத்தனை பிழைக்கின்றன, பிழைத்தவை பள்ளிக்குச் செல்கின்றனவா, அன்றி மாட்டின் பின்னே செல்கின்றனவா என்பனவெல்லாம் அவரவர் தலையெழுத்து என்றே நம் முன்னோர்க்குச் சொல்லப்பட்டது. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் வயலில் இறங்கும் தாய்க்கும் அதே விடைதான் கிடைத்தது. முற்பிறப்பின் வினை என்று கூறி ஊரார் வாயை அடைத்தனர், அவளும் நம்பினாள்.

அது வினையன்று. கூலி எவ்வளவு, நிலம் யாருக்கு, பள்ளிக் கதவு யாருக்குத் திறக்கும் என்பன பற்றி ஆள்வோரும் உடையோரும் செய்துகொண்ட ஏற்பாடே அது. மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதரே மாற்ற முடியும். இவ்வுண்மையைப் பொருளியல் நூல் ஒன்றையும் பயிலாமல், எழுதப் படிக்கவும் அறியாமல், தம் மக்களின் வாழ்விலிருந்தே கண்டுகொண்டவர் அய்யன்காளி. நெய்யாற்றங்கரை, பாறசாலை, திருப்புறம் முதலிய எல்லைப்புறக் கிராமங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு அவர் வேற்றூரார் அல்லர். திருப்புறத்துக்கு வடமேற்கே சில மைல் தொலைவிலுள்ள வெங்கானூரில் தோன்றியவர். அவர் பௌத்தரல்லர். ஆயினும் பிறப்பினால் தாழ்வில்லை என்பதைச் செயலால் காட்டிய அப்பெரியாரின் வரலாற்றை நம் இல்லத்துப் பெண்மக்களும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதி இங்கே எழுதுகின்றோம்.

பிறந்த நாட்டின் நிலை

அய்யன்காளி பிறப்பதற்கு எட்டாண்டுகள் முன்புவரை திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படியே நிலவியது. 1836 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 12,80,000 பேர். அவருள் அடிமைகள் ஏறத்தாழ 1,65,000 பேர். எட்டில் ஒருவர் அடிமை என்பது அதன் பொருள். புலையரும் பறையரும் குறவரும் நிலத்தோடு சேர்த்தே கைமாறினர். தனியாருக்கு மட்டுமன்றிச் சர்க்காருக்கும் அடிமைகள் இருந்தனர்.

இம்முறையில் தாய்மை என்பது என்ன ஆயிற்று என்பதை நாம் எண்ணிப்பார்க்க வேண்டும். அடிமைப்பெண் ஈன்ற பிள்ளை அவளுடைய பிள்ளையன்று, உடையவனின் சொத்து. கன்று ஈன்ற பசுவால் தொழுவம் பெருகுவது போலப் பிள்ளை பெற்ற பெண்ணால் ஜன்மியின் ஆள்பலம் பெருகிற்று. கணவன் ஒருவனுக்கும் மனைவி மற்றொருவனுக்கும் விற்கப்படலாம். தாயினின்று பிள்ளையைப் பிரிக்கலாம். குடும்பம் என்று நாம் வழங்கும் சொல்லுக்கே அங்கே இடமில்லை.

1812 ஆம் ஆண்டில் ராணி கௌரி லட்சுமிபாய் ஆட்சியில் அடிமை விற்பனைக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆயினும் நிலத்தோடு பிணைந்த அடிமைகளுக்கு அத்தடை பொருந்தாது என்று விலக்கும் வைக்கப்பட்டது. 1853 ஆம் ஆண்டில் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரர் என்று அறிவிக்கப்பட்டது. தாய் அடிமை, மடியிலுள்ள பிள்ளை சுதந்திரன் என்னும் விந்தையான நிலை இரண்டாண்டு நீடித்தது. 1855 ஆம் ஆண்டில்தான் அடிமை முறை முழுதும் ஒழிக்கப்பட்டது.

சட்டம் ஒழிந்தது, வயிறு ஒழியவில்லை. விடுதலை பெற்றவனுக்கு நிலமில்லை. குடிசை நிற்கும் இடமும் ஜன்மியுடையது. கூலியாகக் கிடைத்தது சில படி நெல்; அதுவும் பெண்ணுக்குக் குறைவு. சந்தைக்குள்ளும் நீதிமன்றத்துள்ளும் நுழைய உரிமையில்லை. பொதுவழியில் நடக்க உரிமையில்லை. ஆகவே பழைய உடையவனிடமே மீண்டும் சென்று நிற்பதன்றி வேறு வழி இருக்கவில்லை. இந்நிலையில் ஒரு தந்தைக்குப் பிள்ளை என்றால் இன்னும் இரண்டு கைகள் என்றே பொருள். நடக்கத் தெரிந்த பிள்ளை மாடு மேய்த்தால் அன்றைய கஞ்சிக்கு ஒரு பிடி கூடும். நோயும் பசியும் பிள்ளைகளை வாரிச் சென்றமையால், பலவற்றைப் பெற்றால்தான் சில மிஞ்சும் என்ற அச்சமும் இருந்தது. ஏழைகள் அறியாமையால் பல பிள்ளைகளைப் பெறுகின்றனர் என்று வசதியுள்ளோர் இகழ்வதுண்டு. அறியாமையன்று அது, அந்த ஏற்பாட்டுக்குள் பிழைப்பதற்கு அவர்கள் கண்ட கணக்கு.

இளமை

இத்தகைய நாட்டில் 1863 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28 ஆம் நாள் வெங்கானூரில் அய்யன் என்பாருக்கும் மாலை என்பாருக்கும் மூத்த மகனாக அய்யன்காளி பிறந்தார். காளி என்பது இட்ட பெயர். தந்தை பெயர் முன்னே சேர்ந்து அய்யன்காளி ஆயிற்று.

அவர் தந்தைக்குச் சில ஏக்கர் சொந்த நிலம் இருந்தது. காடு திருத்தி விளைநிலமாக்கிய உழைப்பைக் கண்டு நிலவுடைமையாளர் ஒருவர் வழங்கியது என்பர். புலையர் குடியில் இஃது அரிதினும் அரிது. அய்யன்காளியின் வாழ்வில் நாம் முதற்கண் குறித்துக்கொள்ள வேண்டியது இதுவே. நாளைய கஞ்சிக்கு ஜன்மியின் முற்றத்தில் நிற்க வேண்டாத ஒரு வீட்டிலிருந்துதான் தலைநிமிர்ந்து பேசும் மகன் ஒருவன் புறப்பட முடிந்தது. வீரம் பிறவிக்குணம் என்று புகழ்வது எளிது. அவ்வீரம் ஊன்றி நிற்கக் காலடியில் சிறிது மண் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. தமக்குக் கிடைத்த அந்த மண் மற்றக் குடும்பங்களுக்கும் கிடைக்கவேண்டும் என்பதே பிற்காலத்தில் சபையில் அவர் இடைவிடாது எழுப்பிய கோரிக்கையாயிற்று.

பள்ளி அவருக்கு மூடியிருந்தது. அக்காலத்துத் திருவிதாங்கூர் கல்வியில் பின்தங்கிய நாடன்று. பிரஜைகளின் கல்விச் செலவைச் சர்க்காரே ஏற்க வேண்டும் என்று ராணி கௌரி பார்வதிபாய் 1817 ஆம் ஆண்டிலேயே ஆணை பிறப்பித்திருந்தார். பணமிருந்தது, பள்ளியிருந்தது, ஆசிரியர் இருந்தனர். பிரஜைகள் என்னும் சொல்லுக்குள் புலையர் பிள்ளை மட்டும் இல்லை. அய்யன்காளி கைந்நாட்டு வைப்பவராகவே வளர்ந்தார். உடல் வலிமையும் சிலம்பத் தேர்ச்சியும் உடைய இளைஞராகத் தம்மொத்தாரைத் திரட்டினார். 1888 ஆம் ஆண்டில் செல்லம்மா என்னும் அம்மையாரை மணந்தார்.

வழியும் பள்ளியும்

1893 ஆம் ஆண்டில் அவர் ஒரு வில்வண்டியை வாங்கி, வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, மணியோசை கேட்கப் பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றார். தாழ்த்தப்பட்டோர் நடக்கவும் கூடாத சாலை அது. மறித்தவர்களை அஞ்சாது எதிர்த்துக் கடந்தார். 1898 ஆம் ஆண்டில் பாலராமபுரத்துச் சாலியர் தெருவில் வழிநடைக்காக நிகழ்ந்த மோதலில் இருதரப்பிலும் பலர் காயமுற்றனர். அதன் பின்னர் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

வழிநடை உரிமையை மானத்தின் பொருட்டு மட்டும் எழுந்த போராட்டம் என்று எண்ணுவார் உளர். அதில் வயிற்றின் கேள்வியும் அடங்கியிருந்தது. சந்தைக்குச் செல்ல வழியில்லாதவள் தான் வளர்த்த கோழியையும் தான் முடைந்த பாயையும் சொன்ன விலைக்கு ஊரிலேயே கொடுத்துவிட வேண்டும். வேறூரில் கூலி மிகுதி என்று கேள்விப்பட்டாலும் அங்கே போக இயலாது. வழி திறந்தால்தான் கூலிக்கு விலைபேச முடியும்.

அடுத்து அவர் கண் பள்ளியின் மேல் விழுந்தது. 1904 ஆம் ஆண்டில் வெங்கானூரில் தம் மக்களுக்கென்று ஒரு குடிப்பள்ளிக்கூடம் அமைத்தார். ஓலைக் கொட்டகையும் மணல் விரித்த தரையுமே அதன் பெருமை. எதிர்த்தோர் அதற்குத் தீ வைத்தனர், மீண்டும் கட்டினார். அதே ஆண்டில்தான் ஆரம்பக் கல்வியின் முழுச்செலவும் தன்னுடையது என்ற கொள்கையைச் சர்க்கார் ஏற்றது. ஓலைக் கொட்டகை ஒன்றை ஏன் கொளுத்தினர்? புலையர் பிள்ளை எழுத்துக் கற்றால் நாளை வயலுக்கு ஆள் யார் என்ற கேள்வி ஜன்மிகளின் உள்ளத்தை உறுத்தியது. அவர்களுக்கு அப்பள்ளி ஒரு கூலிப் பிரச்சினையாகவே தோன்றிற்று. அய்யன்காளியும் அதை அவ்வாறே விளங்கிக்கொண்டார்.

ஏர் நின்ற காலம்

1907 ஆம் ஆண்டில் சாது ஜன பரிபாலன சங்கம் நிறுவப்பட்டது. புலையர், பறையர், குறவர் என்ற பிரிவுகளைக் கடந்து அதில் சேர இடமிருந்தது. ஆண்களும் பெண்களும் உறுப்பினராயினர். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு ஓய்வு என்பது சங்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது ஆடவர்க்கு இளைப்பாற ஒரு நாள்; பெண்டிர்க்கோ தம் பிள்ளையைப் பகலொளியில் பார்க்க ஒரு நாள்.

அவ்வாண்டில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளிகளில் சேர்க்கலாம் என்ற ஆணையும் பிறந்தது. ஆயினும் கீழ்நிலை அதிகாரிகள் அதனை வெளியிடாது மறைத்தனர். பள்ளி நடத்துவோர் ஏற்க மறுத்தனர். அப்போது அய்யன்காளி தம் மக்களிடம் ஒரு வழி கூறினார். எம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காத வரையில் உம் வயல்களில் நாங்கள் இறங்கோம் என்பதே அதன் சாரம். வெங்கானூரைச் சுற்றிய ஊர்களில் ஏர் நின்றது. நடவும் களையெடுப்பும் நின்றன. வயல்களில் முட்டிப்புல் முளைத்தது.

கூலி உயர்வுக்காக வேலையை நிறுத்தியோர் உலகில் பலர். பிள்ளைகளின் கல்விக்காக உழவுத்தொழிலாளர் ஏரை நிறுத்திய வரலாறு மிக அரிது. கூலி உயர்வும், வேலை உறுதியும், அடி உதை நீங்குதலும், வழிநடை உரிமையும் கோரிக்கைகளில் அடங்கியிருந்தன. எனினும் அவற்றையெல்லாம் இணைத்த கயிறு பள்ளியே.

அக்காலத்துப் பெண்டிரின் நிலையை நாம் எண்ணாதிருத்தல் முடியாது. வேலைநிறுத்தத்தைக் கூட்டத்தில் அறிவிப்பவர் ஆடவர். அடுப்பில் அதைத் தாங்குபவள் தாய். சேமிப்பு என்று ஒரு படி நெல்லும் இல்லாத குடிசைகள் அவை. பசித்து அழும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னொரு நாள், இன்னொரு வாரம் என்று பொறுத்தவர்கள் அவர்களே. அவருள் ஒருத்தி ஜன்மியின் களத்துக்குத் திரும்பிச் சென்றிருந்தாலும் அது குற்றமாகாது. ஜன்மிகள் அதையே எதிர்பார்த்தனர். பட்டினியே இவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று காத்திருந்தனர். அந்நிலையில் விழிஞ்ஞத்து மீனவரோடு ஏற்பாடு செய்து, தம் மக்களைப் படகுகளில் வேலைக்கு அனுப்பி, அந்த வருவாயால் குடிசைகளில் அடுப்பெரியச் செய்தார் அய்யன்காளி. உழவனின் பட்டினியைக் கடல் தாங்கிற்று.

ஜன்மிகளுள் சிலர் தாமே வயலில் இறங்கிப் பார்த்தனர், முடியவில்லை. இறுதியில் சர்க்கார் தலையிட்டது. கண்டல நாகன் பிள்ளை என்னும் மாஜிஸ்திரேட்டு நடுநின்று பேச, கூலி உயர்வும் பள்ளிச் சேர்க்கையும் வழிநடையும் ஏற்கப்பட்டன. ஊமைகளென்று எண்ணப்பட்டோர் கையிலிருந்த ஒரே செல்வம் உழைப்பு. அதைத் தர மறுப்பதும் ஒரு பேச்சே என்று நாடு அறிந்தது.

பஞ்சமி என்னும் சிறுமி

ஒப்பந்தம் ஆயிற்று, கதவு முழுதும் திறந்ததா எனில், இல்லை. 1910 ஆம் ஆண்டில் சர்க்கார் மீண்டும் ஆணையிட்டது. 1914 ஆம் ஆண்டில் அய்யன்காளி, நெய்யாற்றங்கரைக்கு வடக்கேயுள்ள ஊருட்டம்பலம் பள்ளிக்குப் பூஜாரி அய்யன் என்பாரின் மகள் பஞ்சமியைத் தாமே அழைத்துச் சென்றார். சிறுமி உள்ளே அமர்ந்தாள். மற்றவர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினர். கலகம் மூண்டது. பள்ளி தீக்கிரையாயிற்று. கலகம் நெய்யாற்றங்கரைத் தாலுகாவின் பல இடங்களுக்கும் பரவிற்று, குடிசைகள் சூறையாடப்பட்டன. தீயில் பாதி எரிந்து எஞ்சிய ஒரு பெஞ்சு அப்பள்ளியில் பேணப்பட்டு வருகின்றது. 2022 ஆம் ஆண்டில் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

பள்ளிப் போராட்டத்தின் அடையாளமாக நின்றவள் ஒரு பெண்குழந்தை என்பது நம் சிந்தனைக்குரியது. நாட்டிலுள்ள பெற்றோர் பலர் ஆண்பிள்ளைக்கே எழுத்து வேண்டும், பெண்ணுக்கு அடுப்பு போதும் என்று எண்ணிய காலம் அது. ஆயினும் ஒரு குடும்பத்தின் போக்கை மாற்றுவது பெண்ணின் கல்வியே. கற்ற பெண் காலந்தாழ்த்தி மணம் புரிகின்றாள். பிள்ளைப்பேற்றின் காலத்தையும் எண்ணிக்கையையும் பற்றிக் கணவனோடு பேசும் துணிவு பெறுகின்றாள். நோயுற்ற குழந்தையை மருத்துவரிடம் கொண்டு செல்கின்றாள். தன் மகளையும் பள்ளிக்கு அனுப்புகின்றாள். இவையெல்லாம் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் பல நாடுகளில் கணக்கெடுத்துக் கண்ட உண்மைகள். ஊருட்டம்பலத்துப் பெஞ்சில் அமர்ந்த சிறுமி அந்த நெடும்பாதையின் தொடக்கத்தில் அமர்ந்தாள்.

கல்மாலை

பெண்களின் உடையும் அணியும்கூட அக்காலத்தில் உழைப்பின் அடையாளச் சீட்டாகவே இருந்தன. நாடார் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமையை நெடும் போராட்டத்துக்குப் பின் 1859 ஆம் ஆண்டில் பெற்றனர். புலையர் பெண்களோ அதற்குப் பின்னும் கல்லும் கண்ணாடி மணியும் கோத்த மாலைகளையே அணிய வேண்டும் என்ற வழக்கிற்கு உட்பட்டிருந்தனர். அதனைக் கழற்றியெறியுமாறு அய்யன்காளி அறிவுறுத்தினார். 1915 ஆம் ஆண்டில் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் இதன் பொருட்டுக் கலகம் எழுந்து குடிசைகள் எரிக்கப்பட்டன. பின்னர்க் கொல்லத்தில் சங்ஙனாசேரி பரமேசுவரன் பிள்ளை தலைமையில் பெருங்கூட்டம் ஒன்று கூடிற்று. அங்கே அய்யன்காளி சொல்லியவண்ணம், பல்லாயிரம் மக்கள் முன்னிலையில், பெண்கள் தம் கழுத்து மாலைகளை அறுத்துக் குவித்தனர். தன்னுடம்பின்மேல் தனக்கே உரிமை என்று ஒரு பெண் சொல்வதற்கு அதனினும் தெளிவான மொழி வேண்டியதில்லை.

பிரஜா சபையில்

திவான் பி. ராஜகோபாலாச்சாரி காலத்தில், 1911 ஆம் ஆண்டு இறுதியில், அய்யன்காளி ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். தாழ்த்தப்பட்ட குலத்தவர் ஒருவர் நாட்டின் சபையில் அமர்ந்தது அதுவே முதன்முறை. இருபதாண்டுகளுக்கு மேல் அவர் அங்கே பணிபுரிந்தார்.

அங்கே அவர் கேட்டவை பெரிய தத்துவங்கள் அல்ல. நிலம், பள்ளிக்கட்டணச் சலுகை, உதவித்தொகை, சர்க்கார் வேலை ஆகியவையே. 1912 ஆம் ஆண்டில் தரிசாகக் கிடந்த சர்க்கார் புதுவல் நிலங்களைத் தம் மக்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டினார். அதன் பயனாக 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டுக் குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் வழங்கப்பட்டது. நாடெங்கும் நிலமற்றோர் தொகையை நோக்கின் இது மிகச் சிறிது. எனினும் கோரிக்கைகளை அவர் அடுக்கிய முறையைக் காண்க. பிள்ளை பள்ளிக்குப் போகவேண்டுமாயின் அதன் கூலி வீட்டிற்கு வேண்டாததாக வேண்டும். அதற்கு நிலமோ உயர்ந்த கூலியோ வேண்டும். படித்தவனுக்கு வேலை இல்லையாயின் அடுத்த பிள்ளையைப் படிக்க வைக்க எத்தந்தையும் துணியான். ஆகவே உத்தியோகம் வேண்டும். இவற்றுள் ஒன்றைக் கொடுத்து மற்றவற்றை மறுத்தால் கொடுத்ததும் வீணாகும். திட்டக் குழுக்கள் தோன்றுவதற்கு முன்னரே ஒரு குடும்பம் எவ்வாறு முன்னேறும் என்பதை முழுமையாகக் கண்டவர் அவர்.

இறுதி நாட்கள்

1936 ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியாயிற்று. அடுத்த ஜனவரியில் காந்தியார் வெங்கானூருக்கு வந்து அவரைக் கண்டார். அப்போது அய்யன்காளி தெரிவித்த விருப்பம் கோயிலைப் பற்றியதன்று. தாம் கண்மூடுமுன் தம் குலத்தில் பத்துப் பேர் பி.ஏ. பட்டம் பெற்றிருக்கக் காணவேண்டும் என்பதே அது. முப்பதாண்டுகளுக்கு முன் ஏரை நிறுத்தியவர், முதுமையிலும் அந்த ஒரே கணக்கைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். 1941 ஆம் ஆண்டு ஜூன் 18 ஆம் நாள் அவர் மறைந்தார். திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் அவர் சிலை நிற்கின்றது.

பின் விளைந்தவை

அவர் விரும்பியது பொய்க்கவில்லை. அண்டை நாடான கொச்சியில் 1912 ஆம் ஆண்டில் புலையர் குடியில் பிறந்த தாட்சாயணி வேலாயுதன் அம்மையார் கல்லூரிப் பட்டம் பெற்று, ஆசிரியையாகப் பணியாற்றி, 1946 ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நிர்ணய சபையில் அமர்ந்தார். தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்மணி அச்சபையில் அவர் ஒருவரே. தாய் வயலில், மகள் அரசியலமைப்பு சபையில் என்ற மாறுதல் ஒரே தலைமுறையில் இயலும் என்பதற்கு அவர் சான்று.

வயலில் எழுந்த கேள்வி ஆலையிலும் சுரங்கத்திலும் எழுந்தது. அதனை அங்கே எழுப்பியவருள் நம் அண்ணல் அம்பேத்கர் முதன்மையானவர். 1928 ஆம் ஆண்டில் பம்பாய்ச் சட்டசபையில் ஆலைப் பெண்களுக்குப் பேறுகால ஓய்வும் உதவித்தொகையும் வழங்கும் மசோதாவை அவர் ஆதரித்தார்; அடுத்த ஆண்டு அது சட்டமாயிற்று. தாயின் ஓய்வு அவளுக்கு இடும் பிச்சையன்று, நாட்டின் நலத்துக்கானது, அதன் பாரத்தை நாடு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1938 ஆம் ஆண்டில் அவர் கட்சியின் சார்பில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வசதி செய்யுமாறு பம்பாய்ச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டுத் தோல்வியுற்றது. 1942 முதல் 1946 வரை வைசிராயின் சபையில் தொழில்துறை உறுப்பினராக இருந்தபோது சுரங்கப் பெண்களின் பேறுகால உதவியை விரிவாக்கினார். தெற்கே அய்யன்காளி வயலில் தொடங்கியதும் மேற்கே அண்ணல் ஆலையில் தொடங்கியதும் ஒரே வினாவின் இரு முனைகள்: பிள்ளையைப் பெறுவதன் செலவை யார் ஏற்பது? தாய் ஒருத்தியே ஏற்பதா, அவள் உழைப்பால் வாழும் சமூகமும் ஏற்பதா?

கேரள ராஜ்யம் 1956 ஆம் ஆண்டில் அமைந்தபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர, நெய்யாற்றங்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. பின்னர் அங்கே நிலச்சீர்திருத்தச் சட்டம் வந்து, 1970 ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து குத்தகை முறை ஒழிந்தது. குடிசை நின்ற இடமும் அதைச் சுற்றிய சிறிது நிலமும் குடியிருப்போர்க்கு உரிமையாயின. பஞ்சாயத்துப் பகுதிகளில் அதன் அளவு 10 சென்ட். 1974 ஆம் ஆண்டில் விவசாயத் தொழிலாளர் சட்டம் நிறைவேறிற்று. பள்ளியும் மருத்துவமனையும் நியாயவிலைக் கடையும் கிராமந்தோறும் பரவின. யாரையும் வற்புறுத்தாமலே 1988 ஆம் ஆண்டளவில் கேரளத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளைகள் என்ற நிலை வந்தது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் கணக்கில் அது ஏறத்தாழ 1.8 ஆயிற்று. 2020 ஆம் ஆண்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டுக்குள் இறந்தவை இந்தியா முழுவதிலும் 28, கேரளத்தில் 6. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும், படித்தால் உயரும் என்ற நம்பிக்கையும் வந்தபின், பலவற்றைப் பெறவேண்டும் என்ற பழைய கணக்கு தானே கலைந்தது.

எனினும் குறையையும் சொல்லுதல் கடன். நிலச்சீர்திருத்தத்தில் விளைநிலம் பெற்றவர் குத்தகைதாரர். தலைமுறை தலைமுறையாகச் சேற்றில் நின்ற உழவுத்தொழிலாளிக்குக் கிடைத்தது வீட்டுமனை மட்டுமே. பத்துச் சென்டில் வீடு கட்டலாம். விளைவித்து வாழ முடியாது. மகன் மணந்தால் அதையும் கூறிட வேண்டும். அய்யன்காளி சபையில் கேட்ட ஓர் ஏக்கர் பெரும்பாலோர்க்கு இன்னும் கனவே. பெண்களோ எழுத்தறிவில் உயர்ந்தனர்; ஆனால் கற்ற பெண்கள் அனைவர்க்கும் ஏற்ற வேலை கிட்டவில்லை. 1961 ஆம் ஆண்டுப் பேறுகாலச் சட்டம் 2017 ஆம் ஆண்டில் ஓய்வை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தியது. வயலில் நாட்கூலிக்கு நடவு நட்டவளையும் கயிறு திரித்தவளையும் அது எட்டவில்லை. உத்தியோகம் உள்ளவளுக்கு ஓய்வு, கூலிக்காரிக்குப் பழைய மூன்றாம் நாள் என்ற வேற்றுமை முற்றும் நீங்கினாலன்றி அய்யன்காளியின் பணி நிறைவுற்றதாகாது.

நமது கடமை

அன்பர்களே, பெரியோர் வரலாற்றைப் படித்து வியந்து ஏட்டை மூடுவது போதாது. இவ்வரலாற்றிலிருந்து நம் இல்லங்களுக்கு வேண்டிய மூன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, துன்பத்துக்குக் காரணம் உண்டு, காரணத்தை அறிந்தால் அதனை நீக்க வழியும் உண்டு என்பது. பகவான் நமக்கு உணர்த்திய முறையும் இதுவேயன்றோ? பிள்ளை மெலிந்திருக்கக் கண்டால் விதியை நோவதை விடுத்து, அத்தாய்க்குக் கூலி என்ன, ஓய்வு எத்தனை நாள் என்று கேட்கப் பழகவேண்டும்.

இரண்டாவது, உரிமை கோருவோர் அதற்குரிய பாரத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது. அன்று விழிஞ்ஞத்துப் படகுகள் இல்லையாயின் அந்த வேலைநிறுத்தம் பட்டினியில் முடிந்திருக்கும். நம்முள் ஒரு பெண் பேறுகாலத்தில் இருக்கையில் அவள் வீட்டு அடுப்பெரிய அயலார் உதவுவதும், நம்முள் ஒரு சிறுமி மேற்படிப்புக்குச் செல்கையில் சங்கம் கைகொடுப்பதும் அப்படகுகளைப் போன்றவையே.

மூன்றாவது, பெண்பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்தாமை. ஏடறியாத அப்பெரியார் பட்டதாரிகளின் எண்ணிக்கையை எண்ணியபடியே மறைந்தார். திருப்புறத்திலும் பாறசாலையிலும் எல்லைக்கு அப்பால் களியக்காவிளையிலும் நம் வீட்டுச் சிறுமியர் காலையில் புத்தகப்பையோடு பொதுச்சாலையில் நடக்கின்றனர். யாரும் அவர்களை மறிப்பதில்லை. அந்தச் சாலைக்கும் அந்தப் பைக்கும் கொடுக்கப்பட்ட விலை என்னவென்பதை அவர்கள் அறிந்து நடக்கட்டும்.